முடிவுத் தேதி இல்லாத கையெழுத்து

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் திருமணத் தகவல் சங்கத்தின் செயலாளர் கனகசபை, அரசாங்க அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் மற்றவர்கள் எழுதியதில் பிழை பிடித்தவர். ஓய்வுக்குப் பிறகு பிழை பிடிக்க அவருக்குச் சங்கம் ஒன்றுதான் அகப்பட்டது.

1991இல் ஜாதகப் பொருத்தம் பார்க்கும் கம்ப்யூட்டர் புரோகிராம் வாங்கியபோது ஒப்பந்தத்தை முழுதாகப் படித்தவர் அவர் ஒருவரே. ‘நிரந்தர உரிமம்’ என்ற இடத்தில் சிவப்புப் பென்சிலால் கோடிட்டுக் கமிட்டிக்கு ஒரு மணி நேரம் விளக்கினார்.

“வருசா வருசம் புதுப்பிக்கத் தேவையில்லை. முடிவுத் தேதியே கிடையாது.”

உரிமம் பெறுபவர் என்று சங்கத்தின் பெயர் இருந்தது. அதை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதினார். சங்கம் அதற்குள் இரண்டு தடவை உடைந்திருந்தது. மூன்றாம் தடவை எதிர்க்கோஷ்டி கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாதே! உரிமத்தை வேறு யாருக்கும் மாற்றக் கூடாது, தன் நேர்ப்பார்வையில்தான் இயக்க வேண்டும் என்று ஒரு விதியையும் சேர்க்கச் சொன்னார்.

“சங்கம் நாளைக்கு ரெண்டாகும். கனகசபை ஒருத்தன்தான்” என்றார். கமிட்டி கை தட்டியது.

பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் திருட்டு டிஸ்கெட் மலிந்து கிடந்த காலம் அது. ‘நகல் எடுப்பது திருட்டு’ என்று அவரே எழுதிச் சுவரில் மாட்டினார்.

நான்கு வருடம் கழித்து, மெல்பர்னில் இருக்கும் மகள் புனிதவதி வீடு வாங்கி அப்பாவுக்கென்று ஓர் அறை ஒதுக்கினாள். மனைவி போனபின் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட்டு அலுத்திருந்த மனிதருக்கு அந்த அறை வேண்டும், ரொம்பவும் வேண்டும். டிக்கெட் வாங்கி, ராஜினாமாக் கடிதமும் கொடுத்துவிட்டுத்தான் பொறுப்பை ஒப்படைக்க ஒப்பந்தத்தைப் பிரித்தார். தன் பெயரும் தான் சேர்க்கச் சொன்ன விதியும் கண்ணில் பட்டன.

புரோகிராம் விற்ற கம்பெனியின் ரமணிக்குப் போன் போட்டார்.

“நிரந்தரம்தான், அங்கிள். ஆனா உங்களுக்கு மட்டும்தான் நிரந்தரம். நீங்க போனா அதுவும் போச்சு லா.”

“பேரை மாத்த ஏலாதோ?”

“அந்த விதிய நீங்கதானே போடச் சொன்னீங்க? இந்தப் புரோகிராம இப்ப நாங்க விக்கிறதும் இல்ல.”

கம்ப்யூட்டருக்குள்ளே அறுநூறு பிள்ளைகளின் ஜாதகம் வரன் பார்த்துக் காத்திருந்தது. சங்கத் தலைவர் சபாபதி சமாதானம் சொன்னார்.

“நீங்க நிம்மதியா கெளம்புங்க, அங்கிள். நாங்க சத்தமில்லாம ஓட்டிக்கிறோம். யாருக்குத் தெரியப் போவுது?”

கனகசபை சுவரைப் பார்த்தார். அழகான கையெழுத்து, பாழாய்ப்போன கையெழுத்து. ஆப்பைப் பிடுங்கிய குரங்குக்காவது வால்தான் மாட்டியது.

“எனக்குத் தெரியுமே, தம்பி” என்று ராஜினாமாக் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. இனிச் செயலாளருக்குச் சீனி இல்லாத தேநீர்; மாதம் ஒருமுறை ரத்த அழுத்தச் சோதனை. அவருடைய உடம்பின் மேல் சங்கத்துக்கு அப்படியொரு கரிசனம் அதற்கு முன் இருந்ததே இல்லை.

அன்று மாலை மகள் கூப்பிட்டாள்.

“எப்ப வாறீங்கள், அப்பா? அறைக்குப் பெயின்ற் அடிச்சு முடிஞ்சுது.”



“ஒப்பந்தத்திலை முடிவுத் தேதி இல்லை, பிள்ளை” என்றார்.