அப்புறம் டீச்சர்

எங்கள் இங்கிலீஷ் டீச்சருக்கு நாங்கள் வைத்த பெயர் அப்புறம் டீச்சர். பதில் தெரியாத கேள்வி வந்தால் "அதை அப்புறம் பார்க்கலாம்" என்பார். அந்த அப்புறம் இன்றுவரை வந்ததில்லை. அதற்காக நாங்கள் அழவும் இல்லை. ஜெராக்ஸ் கடை மாடியில் சாயங்காலம் நடக்கிற வகுப்பு அது. டாக்சிக்காரர், தையல்காரர், பார்லரில் முடி வெட்டும் நான், அவ்வளவுதான் கூட்டம். வேலை முடிந்து வருகிறவர்களுக்கு ஹோம்வொர்க் எழுத ஏது நேரம்? டீச்சர் நோட்டைக் கேட்கிற சமயம் பார்த்து ஏடாகூடமாக ஒரு கேள்வியைத் தூக்கிப் போடுவோம். அவர் திணறி முடிப்பதற்குள் வகுப்பு முடிந்துவிடும்.

ஆனால் நான் தப்புத் தப்பாகப் பேசும்போது சிரிக்காத ஒரே ஆள் அவர்தான்.

ஒருநாள் ஜெராக்ஸ் கடைக்காரர் எங்கள் காதைக் கடித்தார். டீச்சருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று யாரோ வகுப்பு நடத்துகிற முதலாளியிடம் வத்தி வைத்துவிட்டார்களாம். நாளைக்கு அவரே வந்து பின்னால் உட்காரப் போகிறாராம். டீச்சர் திணறினால் சீட்டைக் கிழித்துவிடுவார். டீச்சருக்கு இருப்பதோ இந்த ஒரு வேலைதான். டீச்சருக்கு நன்றாகத் தெரிந்த கேள்வியை மட்டும் கேட்பது என்று மூவரும் பேசிவைத்தோம். யார் எதைக் கேட்பது என்று பேசிவைக்கத்தான் மறந்துவிட்டோம்.

மறுநாள் டாக்சிக்காரர் எழுந்து, 'ஏ' எங்கே வரும், 'ஆன்' எங்கே வரும் என்று கேட்டார். டீச்சர் வெளுத்துக்கட்டினார். அடுத்து தையல்காரர் எழுந்தார். அவரும் அதையேதான் கேட்டார். டீச்சர் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். பின்னால் முதலாளியின் நாற்காலி கிரீச்சிட்டது. அடுத்தது நான். நான் மனப்பாடம் செய்து வந்ததும் அதே கேள்விதான்.

பேசாமல் இருந்திருக்கலாம். அதற்குள் எழுந்து தொலைத்துவிட்டேனே. வாயில் வந்ததைக் கேட்டேன்.

"பார்லர்ல ஒரு அம்மா நாற்காலியைக் காட்டி, 'டூ யூ மைண்ட்'னு கேட்டாங்க. தாராளமா உட்காருங்கன்னு 'யெஸ்' சொன்னேன். பையை எடுத்துக்கிட்டுப் போயே போயிட்டாங்க. நான் என்ன தப்பு பண்ணேன் டீச்சர்?"

டீச்சர் "அப்..." என்று ஆரம்பித்தார். இதுகூடவா தெரியாது என்று முதலாளி முன்னால் வந்து மார்க்கரைப் பிடுங்கிக்கொண்டார். யெஸ் என்றால் நோ, நோ என்றால் யெஸ் என்றார். பிறகு சில சமயம் யெஸ்ஸும் சரிதான் என்றார். அப்புறம் போர்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த முழி எங்களுக்குப் பழகிய முழி. இந்தத் தடவை பேசிவைக்கத் தேவையே இருக்கவில்லை. 'கோ' எப்படி சார் 'வென்ட்' ஆச்சு என்று டாக்சிக்காரர் பிடித்துக்கொண்டார். ரெண்டு கால் இருப்பதால் பேன்ட் பன்மை என்றால், ரெண்டு கை இருக்கிற சட்டை ஏன் ஒருமை என்று தையல்காரர் குடைந்தார்.

முதலாளி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். வாட்சைப் பார்த்தார்.

"அதை அப்புறம் பார்க்கலாம்" என்றார்.

டீச்சர் தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கினார். முதலாளி வாசலில் ஒரு நிமிடம் நின்றார். "இவங்களை நீங்களே கட்டி மேய்ங்கம்மா. என்னால ஆகாது" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று படியிறங்கினார்.

எங்களுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. டீச்சர் நிதானமாக மார்க்கரை மூடி வைத்தார்.

"கேள்வியெல்லாம் முடிஞ்சுதா?"

மூவரும் பெருமையாகத் தலையாட்டினோம்.

"அப்ப ஹோம்வொர்க்கை எடுங்க."