புகை காட்டிய தண்ணீர்

மேல் தெருக் குழாயை அன்று காலை சற்று நேரத்துக்கு மட்டும் திறந்துவிட்டார்கள். தண்ணீர் மண்ணுக்கடியில் ஏறிவரும் ஓசை முஸ்னாவுக்குக் கேட்டது. மற்றவர்களுக்கும் கேட்கிறதா என்று அவள் யாரிடமும் விசாரித்ததில்லை. முதலில், தூங்கி எழுந்தவர் தொண்டையைச் செருமுவதுபோல ஒரு காற்று. பிறகு, சுவருக்குள் யாரோ பாவாடை சரசரக்கப் படியேறுவதுபோல ஒரு நகர்வு.

ஹத்ரமவுத் பாலைநிலத்தில், பள்ளத்தாக்கின் அந்த ஊரில், அந்நிய ஆண் எவனும் ஒரு வீட்டின் அடுக்களைக்குள் போக முடியாது. குழாய் இருப்பதோ அடுக்களையில். அதற்காகவே ஊர்த் தண்ணீர் நிலையத்தார் முஸ்னாவை வேலைக்கு வைத்திருந்தார்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள் அவள். சோதனைக்குப் புட்டியில் தண்ணீர் பிடிக்க வாய் தேவையில்லை.

மேல் தெருவில் குழந்தைகளுக்கு அடுத்தடுத்து வயிற்றுப்போக்கு வந்ததால்தான் குழாயை மூடியிருந்தார்கள். கழிவுக்குழி ஓரம் குழாய் விரிசல் விட்டிருந்த இடத்தில் ஒட்டுப் போட்டாயிற்று. இனித் தெருவின் கடைசி வீட்டுத் தண்ணீரை எடுத்துச் சூட்டுப்பெட்டியில் ஒரு நாள் வைத்துப் பார்ப்பார்கள். கிருமி முளைக்காவிட்டால் தெருவுக்குத் தண்ணீர் வரும். அதுவரை லாரித் தண்ணீர்தான்.

கடைசி வீடு பஹிய்யா மாமியுடையது. மருமகள் நூர் பிள்ளை பெற்று இன்னும் நாற்பது நாள் ஆகவில்லை. பிற்பகல்தோறும் பிள்ளை பார்க்கப் பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அத்தனை பேருக்கும் இஞ்சிக் காப்பி, பிள்ளைக்குக் குளியல், துணி துவைப்பு எல்லாவற்றுக்கும் மாமிதான் தெருமுனையிலிருந்து கேன் சுமந்தாள். உட்கார்ந்தால் எழ முடியாத முழங்கால்கள் அவளுக்கு.

முஸ்னா முதலில் சின்னக் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் தண்ணீர் பிடித்து மாத்திரையைப் போட்டாள். குளோரின் போதுமான அளவு இருந்தால் நல்ல ரோஜா நிறம் வரும். வந்த நிறமோ, வருவதா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் வெளிறியிருந்தது. புட்டியை மேடையில் வைத்துவிட்டு, குழாயைச் சற்று ஓடவிட்டாள்.

அதற்குள் மாடியிலிருந்து நூர் கூப்பிட்டாள். பிள்ளையைப் பார்க்காமல் போனால் மனவருத்தம். மேலே மரச்சன்னலின் துளைகள் வழியே வெயில் காசு காசாக விழுந்திருந்தது. பிள்ளை மைக்கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது. பிறகு அவளையும் தாண்டி வேறு எதையோ பார்த்தது. சற்று நேரம் முஸ்னா அந்த வேறு எதிலோ இருந்தாள்.

கீழே வந்தபோது புட்டி நிறைந்திருந்தது. சிரமம் வேண்டாமென்று மாமியே பிடித்துவிட்டாள். குளோரினை முறிப்பதற்காக உள்ளே வைத்திருந்த வெண்துகளைக் கறையென்று எண்ணி நன்றாக அலசி, தூபக்காலின்மேல் கவிழ்த்து, விருந்தாளியின் கூஜாவுக்குக் காட்டுவதுபோலச் சாம்பிராணிப் புகையும் காட்டியிருந்தாள். இரண்டு கைகளாலும் ஏந்திக் கொடுத்தாள். முஸ்னா வாங்கிக்கொண்டு நடந்தாள்.

பேரீச்சந்தோப்பு வழியெங்கும் அந்த வாசம் கூடவே வந்தது. உயர்ந்த ஓலைத்தொப்பி வைத்த பெண்கள் தூரத்து வயலில் மிதப்பதுபோல் தெரிந்தார்கள். அலசிய புட்டி, புகையேறிய புட்டி. இதில் கிருமி முளைக்காது போனாலும் அது புட்டியின் சேதிதான், குழாயின் சேதி இல்லை. ஆனால் தெருக் குழாயைத் திறந்துவிடுவார்கள். மாமி கேன் தூக்க வேண்டாம்.

நிலையத்தில் சோதனை பார்க்கும் அவத் கடும் சளியில் இருந்தார். புட்டியை மூக்கருகே கொண்டுபோயும் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் சும்மா இருந்தால் போதும். சும்மா இருப்பது அவளுக்குப் பழக்கமும்கூட. பெட்டியின் கதவைத் திறக்க அவர் கையை நீட்டியபோது, மாடியில் கண்ட அந்த மைக்கண் நினைவில் வந்தது.

"அதை வெக்காதீங்க. புட்டிய அலசி, சாம்பிராணி போட்டிருக்காங்க."

அவத் திரும்பிப் பார்த்தார். "உனக்குக் குரல் இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரியுது. போ, இன்னொண்ணு எடுத்துட்டு வா. குழாய மூட வேணாம்னு நான் சொல்லி வெக்கிறேன்."

புட்டியைக் கொட்டுவது எளிது. அதை மாமியிடம் சொல்வதுதான் உச்சி வெயிலைவிடக் கடினமாக இருந்தது. சொன்னதும் மாமியின் முகம் சுருங்கிப்போனது.

"என் கை அழுக்குங்குறியா? புகை காட்டாத பாத்திரத்துல நான் எதிரிக்குக்கூடத் தண்ணி குடுத்ததில்ல புள்ள."

முஸ்னா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நூரைப் பொண்ணு பாக்க நீங்க சொல்லிட்டா போனீங்க, மாமி? விடிஞ்சதும் திடுதிப்னு போய் நின்னீங்களாமே."

"பின்ன? மருதாணியும் மையும் போட்டப்புறம் பாத்தா எவளும் அழகிதான்."

"இந்தத் தண்ணியையும் நான் அப்படித்தான் பாக்கணும்."

மாமி அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு, ஊமைன்னு நெனச்சேன், வக்கீலா இருக்கியே என்று முணுமுணுத்தபடி தூபக்காலை அடுக்களைக்கு வெளியே கொண்டுபோய் வைத்தாள். முஸ்னா குழாயின் வாயைத் தீயில் வாட்டி, ஓடவிட்டு, புதுப் புட்டியில் பிடித்தாள். மாமி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

மறுநாள் அவத் சூட்டுப்பெட்டியிலிருந்து எடுத்த சோதனை வில்லையை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இளஞ்சிவப்புப் பரப்பில் அங்கங்கே மஞ்சள் புள்ளிகள். மலைமேலிருந்து பார்க்கும்போது தெரியும் ஊர் விளக்குகள்போல, பார்த்துக்கொண்டே இருக்கலாம்போல அழகாக இருந்தன. ஒட்டுக்குக் கீழே இன்னொரு விரிசல் இருக்க வேண்டும், மறுபடி தோண்ட வேண்டும் என்றார் அவர்.

முஸ்னா மேல் தெருவுக்கு ஏறினாள். மாமி வாசலிலேயே நின்றிருந்தாள். மாடியில் பிள்ளை அழுது ஓய்ந்தது.

"மொளச்சிருக்கா?"

"மஞ்சளா. கடுகு மாதிரி."

மாமி பிள்ளையை நேற்றே குழாய்த் தண்ணீரில் குளிப்பாட்டிவிட ஆசைப்பட்டதை மட்டும் மெல்லச் சொன்னாள். பிறகு உள்ளே போய்ப் பெரிய கேனைத் தூக்கி வந்தாள். தெருமுனையில் லாரியின் ஹாரன் கேட்டது.

"நின்னு பாத்துட்டிருந்தா? அந்தக் காதப் புடி."

ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு, வெறும் கேன் ஆட, இருவரும் சரிவில் இறங்கினார்கள்.