அப்பாவுக்குத் தனித் தட்டு கிடையாது

போன பண்டிகைக்கு அப்பா தன் பத்தியச் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நெஞ்சுவலி வந்து டாக்டர் உப்பை நிறுத்தியதிலிருந்து அப்படித்தான். டிவி பார்க்கப் போவதாகச் சொன்னார். டிவி சத்தமே வரவில்லை. மூத்த மகளுக்கு அன்று ஒரு வாய் இறங்கவில்லை.

இந்தத் தடவை எந்தச் சட்டியிலும் உப்பு விழக் கூடாது, வேண்டியவர்கள் மேஜையில் போட்டுக்கொள்ளட்டும் என்று அவள் சொல்லிவிட்டாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். சித்தப்பா வாய் சும்மா இருக்குமா, ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாரே என்று காலையிலிருந்து ஒரே புலம்பல். மகளாவது, அசைவதாவது! பூண்டை வறுத்தாள், மிளகை இடித்தாள், எலுமிச்சம்பழம் பிழிந்து பிழிந்து விரலெல்லாம் எரிந்தது.

கோழி கொதிக்கும்போது விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். அவர்களைக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டு வந்து ருசி பார்த்தாள். உப்பு! திரும்பினால் அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நிற்கிறாள். வேண்டுமென்று போடவில்லையாம், பழகிய கை தானாகப் போய்விட்டதாம். அவருக்கு மட்டும் தனியாக ஏதாவது வைத்துவிடலாமே என்றாள், பாவம்.

மகளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அடுப்பை அணைத்தாள். சட்டியை அப்படியே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்து, நாளைக்கென்று வைத்திருந்த கோழியை எடுத்துப்போட்டு, மறுபடியும் பூண்டு உரிக்க உட்கார்ந்தாள்.

சாப்பாடு ஏன் இன்னும் வரவில்லை என்று அப்பா எட்டிப் பார்த்தார். விஷயம் தெரிந்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"எனக்காக ஏம்மா எல்லாரையும் பட்டினி போடுற? நான் எப்பவும் போல உள்ள போய் சாப்பிட்டுக்கறேன்."

"உங்களுக்குத் தனித் தட்டு கிடையாதுப்பா. எவ்வளவு நேரமானாலும் சரி."

ஒரு வழியாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள். அப்பா மட்டும் எந்த நேரத்திலும் எழுந்து போய்விடுகிறவர் மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். சித்தப்பா முதல் வாயை மென்றுவிட்டு நிமிர்ந்தார்.

"என்ன அண்ணி, உப்பு போட மறந்துட்டீங்களா?"

அப்பாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. மகள் வாயைத் திறப்பதற்குள் அம்மா உப்புக் கிண்ணத்தைச் சித்தப்பா பக்கம் தள்ளினாள்.

"மறக்கல தம்பி. இந்த வீட்டுச் சமையல் இனிமே இப்படித்தான். உங்களுக்கு வேணும்னா போட்டுக்கங்க."

சொல்லிவிட்டு, உப்பைத் தொடாமலே தன் தட்டில் இருந்ததைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள். அப்பா நாற்காலியை மேஜையோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டு, இன்னொரு துண்டு கோழி கேட்டார்.