டிராக்டர் திரும்ப ஓர் இடம்

“இனிமேல் வலது கையால் எதையும் தூக்கக் கூடாது” என்று டாக்டர் சொன்னதும் என் மனைவி கேட்ட முதல் கேள்வி, “சாணியையுமா டாக்டர்?” என்பதுதான். அவர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. தோளில் சவ்வு கிழிந்திருந்தது. ஆறு பசுக்களுக்குத் தீவனம் சுமந்தும், கூடை கூடையாகச் சாணி அள்ளிக் கொட்டியும் தேய்ந்துபோன தோள் அது.

அவள் போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது. தோளால் அல்ல, அது வேறு நோய். அந்த நாட்களை எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. டிராக்டர் வாங்கிய கதையை எழுதலாம். அதில் அவள் முழுசாக இருக்கிறாள்.

நான் அச்சகங்களுக்குப் பிழை திருத்திக் கொடுப்பவன். கொட்டகையின் பின்சுவரோடு ஒட்டிக் கட்டிய சின்ன அறைதான் என் வேலையிடம். ஒரு மேசை, மூன்று பக்கமும் புத்தகங்கள், நாலாவது பக்கம் மாடுகள். அவை அசைபோடும் சத்தம் சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். அவள் மனதில் முதல் ஆறு இடமும் பசுக்களுக்கு, ஏழாவது இடம் எனக்கு என்று நான் சொல்வதுண்டு. “கன்னு போட்டா எட்டாவது” என்பாள்.

டாக்டர் சொன்ன பிறகு சில நாட்கள் நான் சாணி அள்ளிப் பார்த்தேன். அள்ளியதைவிட இறைத்ததுதான் அதிகம். கூலிக்கு வந்த ஆட்கள் ஒரு வாரம் தாண்டவில்லை. விஷயம் எப்படியோ தெரிந்து மாட்டு வியாபாரி வந்து, கொட்டகையைச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றினார். “மழைக்கு முன்னால சொல்றேன்” என்று அவரை அனுப்பிவைத்தாள். அன்று மாலை பால் கறக்கும்போது, பசுக்களோடு வழக்கமாகப் பேசுகிற பேச்சு எதையும் பேசவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கு அது பெரிய சத்தமாகக் கேட்டது.

மறுநாள் அவளே சொன்னாள். “முன்னால வாளி வச்ச டிராக்டர் ஒண்ணு வாங்கிட்டா, கை தூக்க வேணாம். அதுதான் தூக்கும்.”

கடையில் விற்பனையாளர் எங்களை நேராகப் பெரிய வண்டியிடம் கூட்டிப்போனார்.

“சார், இது ஐம்பது குதிரைத்திறன். உழவுக்கும் ஆகும், பாரம் இழுக்கவும் ஆகும்.”

“அவர்கிட்ட சொல்லாதீங்க. அவரு சைக்கிளுக்கே வழி விடுற ஆளு. ஓட்டப்போறது நான்.”

“மேடம் என்ன வேலைக்கு எடுக்கறீங்க?”

“சாணி அள்ள.”

“சாணி அள்ளவா? அதுக்கா டிராக்டர்?”

“ஏன், நீங்க வந்து அள்ளித் தர்றீங்களா?”

அவர் பேச்சை மாற்றி, இருப்பதிலேயே சின்ன வண்டியைக் காட்டினார். “அப்ப இது பாருங்க மேடம். கொட்டகைக்குள்ள பூனை மாதிரி போகும்.”

“பூனை எவ்வளவு தூக்கும்? நனைஞ்ச சாணி தூக்குமா?”

“மண்ணே தூக்கும் மேடம்.”

“மண்ணு காயும். எங்க வீட்டுச் சாணி காயறதுக்குள்ள அடுத்தது விழுந்துடும்.”

பிறகு அவள் என் கையிலிருந்த செய்தித்தாளை வாங்கி நாலாக மடித்தாள். வண்டியில் ஏறி உட்கார்ந்து, அதை வலது முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். அப்படியே மணிக்கட்டை மட்டும் நீட்டி, வாளியை ஏற்றி இறக்கும் லோடரின் பிடியைத் தொட்டாள். தாள் நழுவி விழுந்தது. “வேணாம்” என்று இறங்கிவிட்டாள். தாள் விழுந்தால் கை விலாவை விட்டு எழுகிறது என்று அர்த்தம். கை எழுந்தால் தோள் வலிக்கும். டாக்டர் எழுதிக் கொடுத்த குறிப்பில் இந்தப் பரிசோதனை இல்லை. அவளாகக் கண்டுபிடித்தது.

ஒவ்வொரு வண்டியாக ஏறினாள். நான் கீழே நின்று தாளைப் பொறுக்கிக் கொடுத்தேன். அங்கே வந்திருந்தவர்கள் டிராக்டரை விட்டுவிட்டு எங்களைப் பார்க்க ஆரம்பித்தார்கள். கடைசியில் ஒரு நடுத்தர வண்டியில் தாள் விழவே இல்லை. லோடரின் பிடி மடிக்குப் பக்கத்திலேயே இருந்தது. முன்னே போக, பின்னே வர இடது கைப்பக்கம் ஒரே நெம்புகோல். மறுபடி மறுபடி கியர் மாற்ற வேண்டியதில்லை. அவள் முகம் மலர்ந்ததை விற்பனையாளர் பார்த்துவிட்டார்.

“ஒரே விஷயம் மேடம். முன்னால பாரம் தூக்கும்போது பின்சக்கரம் லேசாயிடும். பின்னால ஒரு எடைப்பெட்டி மாட்டியே ஆகணும்.”

வண்டியின் அகலத்தைக் கயிற்றால் அளந்துகொண்டு வீட்டுக்கு வந்தோம். கொட்டகை வாசலின் அகலம் போதும். உள்ளே போய்த் திரும்ப முடியுமா என்று பார்க்க வேண்டும். “நீங்கதான் டிராக்டர்” என்றாள். என் கையில் துணி உலர்த்தும் கொடிக்கம்பைக் குறுக்காகக் கொடுத்தாள். அது வாளி. என் இடுப்பில் சமையலறை முக்காலியைக் கட்டினாள். அது எடைப்பெட்டி.

“உள்ள போங்க. மெதுவா. இப்ப வாளியை இறக்குங்க. அள்ளுங்க. சத்தம் குடுங்க.”

“டிராக்டர் சத்தம் எனக்கு வராது.”

“ரெண்டாம் கியர் சத்தம் போதும்.”

உறுமிக்கொண்டே கொட்டகையின் கோடி வரை போய், திரும்பி, வெளியே வந்தேன். முக்காலி ஒரு பசுவின் காலில்கூடப் படவில்லை. அவள் கைதட்டினாள். ஆறு பசுக்களும் தீவனத்தை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

ஓட்டிப் பார்க்க விற்பனையாளர் வண்டியைக் கொண்டுவந்த நாளில் அவளுடைய தம்பியும் வந்திருந்தான். கொத்தனார். கொட்டகை வாசல்படியைச் சரிவாக்கித் தரச் சொல்லியிருந்தாள். பசுக்களை வெளியே கட்டிவிட்டு அவள் வண்டியை உள்ளே விட்டாள். கோடி வரை அழகாகப் போனது. வாளி நிறையச் சாணியை அள்ளி எடுத்தாள். திருப்பினாள். வாளி ஒரு பக்கச் சுவரை முட்டியது. பின்னே வந்தாள். எடைப்பெட்டி தீவனத் தொட்டியை இடித்தது. முன்னே, பின்னே, முன்னே, பின்னே. வண்டி ஒரு சாண்கூடத் திரும்பவில்லை.

“அளந்துதானேக்கா பாத்த?” என்றான் தம்பி.

“உங்க மாமா நல்லாத்தான்டா திரும்பினாரு!”

“மாமாவை வச்சா பாத்த? அவரு நின்ன இடத்துலயே காலை மாத்தித் திரும்பியிருப்பாரு. சக்கரம் அப்படித் திரும்புமா?”

நானும் அவளும் ஒருவரையொருவர் பார்த்தோம். எங்கள் இரண்டு பேருக்குமே அது தோன்றவில்லை. தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். விற்பனையாளர் மரியாதைக்காக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பின்னாலேயே ஓட்டி வெளியே வரலாம். ஆனால் அதற்கு அவள் உடம்பை முறுக்கித் திரும்பிப் பார்க்க வேண்டும். ஒரே தடவை அப்படி வந்தாள். இறங்கும்போது இடது கை வலது தோளைப் பிடித்திருந்தது. தினமும் இரண்டு வேளை அப்படி வர முடியாது. திரும்பக்கூடிய சின்ன வண்டிக்கோ தூக்க வலுவில்லை.

சாணிக்குழி எங்கே இருக்கிறது என்பதை இங்கே சொல்ல வேண்டும். என் அறைக்குப் பின்னால். உள்ளே நுழைந்த வண்டி, என் அறை வழியாக நேராகப் போனால், திரும்ப வேண்டிய தேவையே இல்லை. அவள் அந்தச் சுவரை ஒரு தடவை பார்த்தாள். உடனே கண்ணை எடுத்துக்கொண்டாள்.

“வியாபாரியை வரச் சொல்லிடலாம்” என்றாள். குரலில் ஒன்றுமே இல்லை.

நான் அறைக்குள் போய்ப் புத்தகங்களை வெளியே கொண்டுவர ஆரம்பித்தேன்.

“என்ன பண்றீங்க?”

“சுவர் இடிச்சா தூசி படியும் இல்ல.”

“யாரு இடிக்கச் சொன்னா?”

“நான்தான்.”

“எங்க உக்காந்து வேலை பாப்பீங்க?”

“சமையலறையில மேசை இருக்கே.”

“எண்ணெய்க் கறை படும்.”

“படட்டும். சாப்பிடும்போதும் கீழ வைக்காம படிச்சேன்னு நினைச்சு, எழுதினவங்க சந்தோஷப்படுவாங்க.”

“மாட்டுக்காக மனுஷன் அறையை இடிப்பாங்களா? ஊரே சிரிக்கும்.”

“மாட்டுக்காக இல்ல.”

கையில் நாலு புத்தகங்களோடு நான் நடுவில் நின்றேன்.

“ரெண்டு பேரும் பேசி முடிச்சா சொல்லுங்க, சம்மட்டி எடுத்துட்டு வரேன்” என்றான் தம்பி.

அவள் இடது கையால் என்னிடமிருந்து இரண்டு புத்தகங்களை வாங்கிக்கொண்டாள். “இந்தக் கனமெல்லாம் நான் தூக்கலாம்” என்று சொல்லிச் சமையலறைப் பக்கம் நடந்தாள்.

சுவர் போய், அங்கே போட்ட புதுத் தரை இறுகி, வண்டி எங்களுடையதாக வந்த பிறகு ஒரு காலை. மழை பிடித்துவிட்டிருந்தது. நான் சமையலறை மேசையில் ஒரு தண்ணீர்ப் பம்புக் கையேட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன். டிராக்டர் கொட்டகைக்குள் நுழைந்து, என் அறை இருந்த இடத்தைக் கடந்து, குழியில் கொட்டிவிட்டு, வீட்டைச் சுற்றி வந்து மறுபடி நுழைவது கேட்டது. அவள் பசுக்களோடு பேசுவதும் கேட்டது. இன்ஜின் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்று கத்திப் பேசிக்கொண்டிருந்தாள். பிறகு எல்லாம் நின்றது.

கை கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள். என் தேநீர் இன்னும் சூடாக இருந்தது.

“முடிஞ்சிருச்சு” என்றாள், நம்பாதவள் போல.

அடுத்து என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து எந்தக் காலையிலும் அவள் அந்த நேரத்தில் உட்கார்ந்ததில்லை. ஜன்னலருகே நின்றாள். துடைத்த பாத்திரத்தை மறுபடி துடைத்தாள். பிறகு நாற்காலியை இழுத்து என் எதிரே உட்கார்ந்தாள்.

“என்ன புத்தகம்?”

“பம்பு பத்தி. உனக்குப் பிடிக்காது.”

“பரவால்ல. சத்தமா படிங்க.”

முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.