ஒரு ரிங் போதும்

நானும் அண்ணனும் சிகரெட்டைச் சேர்ந்தேதான் பழகினோம், சேர்ந்தேதான் விட்டோம். மனவுறுதி என்ற சரக்கு எனக்குக் கிடையாது. அவனுக்கும் கிடையாது. அதனால் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். யாருக்கு நாக்கு நமநமக்கிறதோ அவன் மற்றவனுக்கு ஒரு ரிங் விட்டுக் கட் செய்ய வேண்டும். மற்றவன் உடனே கூப்பிட்டு, ஆசை அடங்கும்வரை திட்ட வேண்டும்.

அண்ணன் வேன் ஓட்டினான். எங்கே இருந்தாலும் ஓரங்கட்டிவிட்டுக் கூப்பிடுவான். "கழுதை, உன் நுரையீரல் என்ன புகைபோக்கியா? கீழ போடு." நான் லேத் பட்டறைக்குப் பின்னால், இரும்புச் சுருள் குவியலுக்குப் பக்கத்தில் நின்று வாங்கிக் கட்டிக்கொள்வேன். என் முறை வரும்போது வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுப்பேன். இப்படியே இரண்டு வருடம் ஓடியது. இருவருமே ஒன்றைக்கூடப் பற்ற வைக்கவில்லை.

பிறகு ஒருநாள், சரக்கை இறக்கிவிட்டு ஸ்டீயரிங்கில் தலை சாய்த்தவன் எழுந்திருக்கவே இல்லை. மாரடைப்பு. பழைய புகையும் ஒரு காரணம் என்றார் டாக்டர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விட்டதற்கு இதுதான் கூலி என்றால் எந்த மடையன் விடுவான்?

எல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்றே, சாப்பாட்டு இடைவேளையில் ஒரு சிகரெட் வாங்கினேன். பட்டறைக்குப் பின்னால் வந்து உதட்டில் வைத்தேன். தீப்பெட்டிக்காகப் பைக்குள் போன கை, பாழாய்ப்போன பழக்கம், போனை எடுத்து அண்ணனுக்கு ஒரு ரிங் விட்டுக் கட் செய்துவிட்டது. செய்த பிறகுதான் உறைத்தது. சிரிப்பு வந்தது. பாதியிலேயே அது அழுகையாகிவிட்டது.

போன் அடித்தது. திரையில் 'அண்ணன்'.

எடுத்தேன். அண்ணி. என்னிடம் ஒருநாளும் குரலை உயர்த்திப் பேசாதவர்.

"தம்பி, வாயில வெச்சிட்டீங்களா?"

"வெச்சிட்டேன் அண்ணி. இன்னும் பத்த வைக்கல."

அண்ணி மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"அவரு எப்படி ஆரம்பிப்பாரு?"

"கழுதைன்னு."

"கழுதை," என்றார் அண்ணி. "உங்க நுரையீரல் என்ன புகைபோக்கியா? கீழ போடுங்க தம்பி. இன்னொருத்தரத் தூக்கிக் குடுக்க என்னால முடியாது."

கீழே போட்டுச் செருப்பால் நசுக்கினேன். நான் வாங்கிய கடைசி சிகரெட் அதுதான்.

மறுவாரம், லேத்தில் வேலை ஓடிக்கொண்டிருந்தபோது போன் ஒரே ஒரு முறை அடித்து நின்றது. மறுபடியும் 'அண்ணன்'. அண்ணி ஆயுளில் சிகரெட்டைத் தொட்டதில்லை. மெஷினை நிறுத்திவிட்டு வெளியே ஓடிப்போய்க் கூப்பிட்டேன்.

எடுத்தார். விசும்பல் கேட்டது. ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியாது. தெரிந்த வேலையைச் செய்தேன்.

"சாப்டீங்களா? இல்லல்ல? ஜன்னலாவது தொறந்தீங்களா? அறிவிருக்கா உங்களுக்கு? எந்திரிச்சு மொதல்ல மூஞ்சக் கழுவுங்க. இருட்டுல உக்காந்து அழுதா அவன் வந்துடுவானா?"

அந்தக் கடைசிக் கேள்வி எனக்கும் சேர்த்துத்தான். நிறுத்தினேன்.

"இன்னும் கொஞ்சம் திட்டுங்க தம்பி," என்றார் அண்ணி. "இன்னும் அடங்கல."