சோனியா பெயரில் ஒரு டிக்கெட்

வக்கீல் இந்திராணி மேசையில் விரித்து வைத்த தாள்களில் ஆக்சிலியாவின் பெயர் எங்கும் இல்லை. போர்ட் பிளேயரிலிருந்து தெற்குக் கோடித் தீவிலுள்ள கேம்பல் பே போய்வந்த கப்பலின் பயணிகள் பட்டியல் அது. கல்லூரி தரப்பு அதைத் தங்கள் பதில் மனுவோடு இணைத்திருந்தது. பெயர்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்த ஆக்சிலியா, மூன்றாவது தாளில் ஓரிடத்தில் நின்றாள். சோனியா ஜஸ்டின், வயது இருபத்தேழு. சுட்டதுபோல் விரலை எடுத்துவிட்டாள்.

"நீ போகவே இல்லைன்னு சொல்றாங்க, புள்ள. போனப்பவும் இல்ல, வந்தப்பவும் இல்ல." இந்திராணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போர்ட் பிளேயர்லயே எங்கயோ இருந்துகிட்டு, மொத காய்ச்சல்னு ஒரு பொய், அப்புறம் அப்பாவைப் பாக்கப் போனேன்னு ரெண்டாவது பொய். அவங்க கத அதுதான். எங்கயோன்னு எழுதியிருக்காங்க பாரு, அந்த வார்த்தை எதுக்குன்னு உனக்கே தெரியும்."

தெரியும். அந்த 'எங்கயோ'வுக்குள் ஒரு பையன், ஒரு பைக், ஒரு பூட்டிய அறை எல்லாம் இருந்தன. கல்லூரி கேன்டீனில் அவள் நுழைந்ததும் பேச்சு நிற்பதற்குக் காரணம் அந்த வார்த்தைதான்.

நடந்தது இவ்வளவுதான். ஜூன் மாதம் சைக்கிள் பயிற்சி முகாம் தொடங்க நான்கு நாள் இருந்தபோது, கேம்பல் பேயில் அப்பா மத்தியாஸின் கையை டோங்கிப் படகின் எஞ்சின் பெல்ட் இழுத்துவிட்டது. இரண்டு விரல்கள் போய்விட்டன. அம்மா போனில் அழக்கூட இல்லை, "வா" என்று மட்டும் சொன்னாள். மழைக்கால டிக்கெட், கவுண்டரில் ஒன்றுகூட இல்லை. அண்ணி சோனியா ஊருக்குப் போவதற்கென்று, போக வர டிக்கெட் எடுத்து வைத்திருந்தாள். ஆபீசில் லீவு கிடைக்காமல் அது அவள் பையிலேயே கிடந்தது. டிக்கெட்டையும் தன் அடையாள அட்டையையும் ஆக்சிலியா கையில் திணித்து, "போட்டோவுல எல்லாருக்கும் ஒரே மூஞ்சிதான் ஏட்டி. சல், ஏறு" என்று பாதி இந்தியில் விரட்டினாள். கப்பலில் அட்டையை யாரும் உற்றுப் பார்க்கவில்லை. போய் இரண்டு நாளில் திரும்பிவிடலாம் என்றிருந்தபோது காற்று மாறியது. கப்பல் எட்டு நாள் வரவில்லை. ஒரு நிமிடம் கிடைத்த போன் லைனில் கோச்சிடம் அவள், "காய்ச்சல் சார், மரைன் ஹில் வீட்டுல படுத்திருக்கேன்" என்றாள். கோச் ஆள் அனுப்பிப் பார்த்தார். அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போயிருந்த நேரம், வீடு பூட்டிக் கிடந்தது.

இரண்டு வருடம் எந்தப் போட்டியிலும் கலந்துகொள்ளக் கூடாது என்று ஒரே தாளில் கல்லூரி உத்தரவு வந்தது. என்ன, ஏது என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு வருடம் என்பது அவளுக்குக் கல்லூரியில் மீதமிருந்த காலம் முழுவதும். அதற்குள் இந்த மாதக் கடைசியில் பல்கலைக்கழக அணிக்கான தேர்வு.

"விளக்கம் கேக்காம தண்டிச்சது தப்புன்னு அது ஒண்ண வச்சே வாதாடலாம்," என்றார் இந்திராணி. "ஆனா ஜட்ஜ் இந்தப் பட்டியலப் பாத்துட்டு, பொண்ணு எங்கதான் இருந்தான்னு கேட்டா நான் என்னா சொல்ல?"

மேசைக்கு அடியில் ஆக்சிலியாவின் கால்கள் மெல்ல வட்டம் போட்டுக்கொண்டிருந்தன. டிராக் சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது, சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். சைக்கிளை விட்டு நான்கு மாதமாகியும் கால்களுக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை.

சாயங்காலம் மரைன் ஹில் வீட்டில் சோனியா சூரை மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் ஜஸ்டின் கப்பல்துறை ஜெட்டியில் வேலைக்குப் போயிருந்தான். ஆக்சிலியா வாசற்படியில் உட்கார்ந்து, வக்கீல் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லும்போதே தன்னைக் கவனித்தாள். அண்ணி முடியாது என்று சொல்லிவிட வேண்டும் என்று உள்ளே ஏதோ ஒன்று காத்திருந்தது. சோனியா ஒரு அரசு அலுவலகத்தில் ஒப்பந்த டைப்பிஸ்ட். ஒவ்வொரு மார்ச்சிலும் புதுப்பித்தால்தான் வேலை. அவள் முடியாது என்றால் எல்லாம் முடிந்துவிடும். முடிந்ததற்குத் தான் காரணமில்லை என்றும் ஆகிவிடும். அப்படி நினைத்தது வெட்கமாக இருந்தது. நான்கு மாதமாக யாரும் நம்பாத ஒருத்தியாக இருந்து இருந்து, தோற்றுப்போவது ஒரு பழகிய பாய் போல ஆகிவிட்டதோ என்று பயமாகவும் இருந்தது.

"உனக்க பேர எழுத மாட்டேன் மைனி," என்றாள். "கேஸ வாபஸ் வாங்கிருதேன்."

சோனியா மீனின் வாலை வெட்டி ஓரமாகப் போட்டாள்.

"காய்ச்சல்னு சொன்னியே, வயித்தால போகுதுன்னு சொல்லியிருக்கக் கூடாதா? பாக்க ஆள் அனுப்பியிருக்க மாட்டாங்க."

ஆக்சிலியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. சோனியாவுக்கும் வரவில்லை. குழாயடியில் கையைக் கழுவிவிட்டு வந்து, ஈரக்கையோடு படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏட்டி, கப்பல்ல போனது எனக்க பேரு. அங்க போயி மாமாக்க கையப் பிடிச்சிட்டு இருந்தது நீ. ரெண்டையும் எழுதச் சொல்லு."

"வேலை, மைனி?"

"மார்ச்சுக்கு இன்னும் எத்தன மாசம் கெடக்கு." ஈரக்கையை உடுப்பில் துடைத்தாள். "எனக்குப் பயம் இல்லன்னு நெனைக்காத. பயம் பக்கா இருக்கு. ஆனா நம்ம வீட்டுப் பிள்ளைய எவனோ ஒருத்தன் எங்கயோன்னு எழுதுவான், நான் மீன் வெட்டிட்டு இருப்பேனா? அத விடு. கோர்ட்டுக்கு என்ன கலர் சேல கெட்டணும்?"

வெள்ளிக்கிழமை அவள் கட்டிக்கொண்டு வந்தது மாம்பழ மஞ்சள். கோர்ட்டின் பின் பெஞ்சில் அந்த மஞ்சள் இருப்பது திரும்பிப் பார்க்காமலே ஆக்சிலியாவுக்குத் தெரிந்தது.

கல்கத்தா உயர் நீதிமன்றத்திலிருந்து அமர்வுக்கு வந்திருந்த நீதிபதி ஆக்சிலியாவின் பிரமாணப் பத்திரத்தை இரண்டு தரம் வாசித்தார். தலையை நிமிர்த்தி, ஒருவர் டிக்கெட்டில் இன்னொருவர் பயணம் செய்ததாக மனுதாரரே ஒப்புக்கொள்கிறாரே, இது நம்பும்படியாக இருக்கிறதா என்று கல்லூரி தரப்பு வக்கீல் சுரேந்திரனைக் கேட்டார்.

அடித்து விளாச வாகாக வந்த பந்து அது. ஆள்மாறாட்டம், மோசடி, இன்னும் என்னென்னவோ சொல்லியிருக்கலாம். இந்திராணியின் பேனா மேசையில் தட்டுவது நின்றது. சுரேந்திரன் தன் கோப்பைப் பார்த்தார். ரங்கத் என்ற தீவு ஊரில் பிறந்து, பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் படகும் கப்பலுமாக அலைந்து வளர்ந்தவர் அவர். கோப்பை மூடினார்.

"நடக்கும், மை லார்ட்," என்றார். "நடக்கக் கூடாதுதான். ஆனால் இங்கே நடக்கும்."

பின்னால் யாரோ இருமினார்கள். இருமல் சிரிப்பைப் போலிருந்தது. தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் உதட்டைக் கடித்துத் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த அறையில் அநேகமாக எல்லாருமே ஏதாவதொரு மழைக்காலத்தில், ஏதாவதொரு சாவுக்கோ பிரசவத்துக்கோ, வேறு யாருடைய பெயரிலாவது கடல் தாண்டியவர்கள் என்று ஆக்சிலியாவுக்குச் சட்டென்று தோன்றியது. நான்கு மாதமாக அவள் நெஞ்சில் தனியாகச் சுமந்தது இத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம்.

நீதிபதி அவளை நேராகப் பார்த்து இந்தியில் கேட்டார், காய்ச்சல் என்று ஏன் சொன்னாய் என்று.

அவளும் இந்தியில்தான் சொன்னாள். "அப்பாவுக்கு அடின்னு சொன்னா எப்படிப் போனேன்னு கேப்பாங்க சார். எப்படிப் போனேன்னு சொன்னா மைனி மாட்டுவா. காய்ச்சல்னு சொன்னா யாரும் மாட்ட மாட்டாங்கன்னு நெனச்சேன்."

"மாட்டியது நீ."

"ஆமா சார்."

தீர்ப்பு அன்று வரவில்லை. அவள் தரப்பைக் கேட்டு கல்லூரி புதிதாக முடிவெடுக்கும்வரை தடை உத்தரவு நிறுத்திவைக்கப்படுகிறது, அதுவரை அவள் பயிற்சியிலும் தேர்விலும் கலந்துகொள்ளலாம், டிக்கெட் விவகாரம் இந்த வழக்கில் இல்லை, அடுத்த விசாரணை நான்கு வாரம் கழித்து. இந்திராணி இதை வராந்தாவில் ஒவ்வொரு விரலாக மடக்கித் தமிழில் சொன்னார். "ஜெயிச்சோம்னு சொல்லாத புள்ள. கதவு தொறந்திருக்குன்னு சொல்லு."

திங்கட்கிழமை காலை கல்லூரி விளையாட்டு ஸ்டோரில் அதைப் பார்த்துக்கொள்ளும் பழனிசாமி உத்தரவின் நகலை வாங்கி, படித்துப் பார்க்காமலே மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"வந்துட்டியாம்மா? நாலு மாசமா உன் வண்டி மேல பல்லி குடித்தனம் நடத்துது. நானும் வெரட்டிப் பாத்தேன், போவனான்னுது."

சைக்கிள் சுவரோரம் சாய்ந்து கிடந்தது. டயர் இரண்டும் தரையோடு அப்பியிருந்தன. சங்கிலி கடல்காற்றில் செம்பழுப்பாகத் துருவேறியிருந்தது. சீட்டுக்கு அடியில் இரண்டு வெள்ளை முட்டைகள். பழனிசாமி அவற்றைக் காகிதத்தில் ஏந்தி ஜன்னல் விளிம்பில் வைத்தார். பிறகு பதிவேட்டைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். எடுத்துப் போகிறவர் பெயர் என்ற கட்டத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல், ஆக்சிலியா மத்தியாஸ் என்று முழுதாக எழுதினாள்.

காற்றடித்து, எண்ணெய் விட்டு, டிராக்குக்கு உருட்டிக்கொண்டு போனபோது போன் அதிர்ந்தது. சோனியா.

"ஏட்டி, ஏறிட்டியா?"

"இன்னும் இல்ல. ஆபீஸ்ல ஏதும் கேட்டாங்களா மைனி?"

"பெரிய சார் மூணு மணிக்கு வரச் சொல்லியிருக்கார். மூணு மணிக்கு உள்ளத மூணு மணிக்குப் பாப்போம். நீ ஏறு, சல்."

ஏறினாள். முதல் சுற்றில் தொடைகள் கல்லாகக் கனத்தன, சங்கிலி ஒவ்வொரு பல்லிலும் முனகியது. இரண்டாவது சுற்றில் முனகல் குறைந்தது. துரு கலந்த எண்ணெய் தெறித்துத் தெறித்து வலது கெண்டைக்காலில் ஒரு பழுப்புக் கோடு விழுந்தது. மேட்டு வளைவின் உச்சியில் ஏறியபோது சுவருக்கு மேலே ஒரு கண்ணிமைப்பு நேரம் கடல் தெரிந்தது, அதில் தெற்கே திரும்பிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக் கப்பல். வளைவு அவளைக் கீழே இறக்கியது. அடுத்த சுற்றில் அது எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று பார்க்க, வேகத்தைக் கூட்டினாள்.