கண்ணாடியில் ஒரு மேடு

நான் தேய்த்த கண்ணாடி வீணாய்ப் போனால் இன்பசேகரனுக்குப் பாயசம் குடித்த மாதிரி இருக்கும். எங்கள் பள்ளியில் அவர் அறிவியல் மன்றத் தலைவர். நான் இயற்பியல் ஆசிரியை. தொலைநோக்கியைக் கம்பெனியில் ஆர்டர் போட்டு வாங்கலாம் என்பது அவர் கட்சி. நாமே செய்யலாம் என்பது என் கட்சி. கோடை விடுமுறை முழுக்க விளாங்குடி வீட்டில், தொலைநோக்கிக்காக வட்டமான ஒரு கனத்த கண்ணாடியைக் குழிவாகத் தேய்த்து மெருகேற்றியிருந்தேன். இன்று சோதனை. தேறினால் பளபளக்கும் அலுமினியப் பூச்சுக்குப் போகும். தேறாவிட்டால் அவர் ஆர்டர் போடுவார்.

சோதனை எளிதுதான். ஊசித்துளை வழியாக வரும் வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் திரும்பி ஒரு புள்ளியில் வந்து கூடும். அந்த இடத்தில் சவர பிளேடை மெல்ல நகர்த்தி வெளிச்சத்தை வெட்டிக்கொண்டே பார்த்தால், கைக்குத் தெரியாத மேடு பள்ளம்கூட நிழலாகத் தெரிந்துவிடும்.

காற்று அசைந்தால் நிழல் கலங்கும் என்று ஆய்வகத்தில் ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தியிருந்தோம். தலைமையாசிரியை சிஸ்டர் ஆனிமேரி வேர்வையைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"எம்புட்டு வழவழப்பா இருக்கு பாருங்க சிஸ்டர்" என்று கண்ணாடியின் நடுவில் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார் இன்பசேகரன். வெட்டப்போகிற ஆட்டுக்கு மாலை போடுகிற பாராட்டு அது.

"கைய எடுங்க சார்."

"தொட்டா தேஞ்சா போயிரும்?"

கண்ணாடியைத் தாங்கியில் நிறுத்தியதுமே, என்னை முந்திக்கொண்டு பிளேடுக்குப் பின்னால் குனிந்தார்.

"நடுவுல மேடு! இம்புட்டுப் பெரிய மேடு!"

"அது உங்க கைச்சூடு. சூட்டுல கண்ணாடி உப்பியிருக்கு. ஆறட்டும்."

"குத்தம் சொன்னா சூடுங்கிறீங்க. எனக்குப் பரவை பஸ்ஸப் பிடிக்கணும், போறேன்."

கதவை மறித்துக்கொண்டு நின்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். கண்ணாடி ஆறக் காத்திருந்தோம். மேடு மெல்ல மெல்ல அமுங்கிக் காணாமல் போனது. பிறகு அவரையே கண்ணாடியின் ஓர் ஓரமாகப் பெருவிரலை வைத்து எடுக்கச் சொல்லி, சிஸ்டரைப் பார்க்க வைத்தேன்.

"ஏன் சார், நீங்க வெரல் வச்ச எடத்துல புதுசா மேடு எந்திரிக்குதே?" என்றார் சிஸ்டர்.

இன்பசேகரனின் முகம் செத்துப்போனது. எனக்கு வயிறு குளிர்ந்தது.

"அப்ப நாளைக்கே பூச்சுக்கு அனுப்பிருவோம் ஐரின்" என்றார் சிஸ்டர் என்னிடம்.

விரல் சூடும் ஆறிய பிறகு கடைசியாக ஒருமுறை குனிந்து பார்த்தேன். நடுவில் ஒரு குறையும் இல்லை. ஆனால் விளிம்பில், ஒரு பக்கம் மட்டும் தடித்த வெளிச்சக் கோடு. விளிம்பு சரிந்திருக்கிறது. விடுமுறை முடிகிறதே என்று கடைசியில் அழுத்தித் தேய்த்த என் அவசரம். இது ஆறினால் போகிற குறை இல்லை. இதைப் பார்க்கத் தெரிந்தவள் அந்த அறையில் நான் ஒருத்திதான். வாயை மூடிக்கொண்டால் நான் ஜெயித்தேன். சனியின் வளையத்தைப் பார்க்க வரிசையில் நிற்கிற பிள்ளைகளுக்கு அது கலங்கலாகத் தெரியும், அவ்வளவுதான்.

"அனுப்ப வேணாம் சிஸ்டர். விளிம்பு சரிஞ்சிருச்சு. என் தப்புதான்."

"திரும்பத் தேய்ச்சா சரியாயிருமா?"

"ஆயிரும். மாசக்கணக்காகும்."

"ஆண்டு விழாவுக்கு வேணுமேம்மா." சிஸ்டர் என்னைப் பார்க்காமல் எழுந்தார். "சார், நீங்க ஆர்டர் போட்டிருங்க."

"நான்தான் அப்பவே சொன்னேன்ல டீச்சர்" என்றார் இன்பசேகரன்.

கண்ணாடியைத் துண்டில் சுற்றினேன். அந்த ஆள் சொன்ன குறை அதில் இல்லவே இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.